ஆறுகளைக் கெடுப்பவை ஆலைகள்தானே, வீட்டுப் பழக்கங்களுக்கும் அதில் பங்கு உண்டா?

உண்டு. கூவத்தையும் அடையாற்றையும் நாறடிப்பதில் பெரும்பங்கு சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீருக்குத்தான். அதில் என் வீட்டுத் தண்ணீரும் இருந்தது என்பது சென்ற ஐப்பசி மழையில்தான் எனக்குத் தெரிந்தது.

தியாகராய நகரில் ஒரு பழைய அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் பிளம்பர் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே சோப்பு நுரை. நான்கு வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் பால்கனி வழியாக மழைநீர்க் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நான்கில் ஒன்று என்னுடையது. கூசிப்போனேன்.

பாதாளச் சாக்கடையில் விழும் நீருக்காவது நெசப்பாக்கம், கோயம்பேடு போன்ற இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. மழைநீர் வடிகாலில் விழுவதை வடிகட்ட யாருமில்லை. எங்கள் பகுதியில் அது மாம்பலம் கால்வாய்க்குப் போய், நந்தனம் அருகே அடையாற்றில் கலந்து, கடலைச் சேர்கிறது. சில சலவைத்தூள்களில் உள்ள பாஸ்பேட் ஆகாயத்தாமரைக்கு உரம். அது நீரை மூடிக்கொண்டால் வெயில் உள்ளே இறங்காது. ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். பாலியஸ்டர் துணிகளிலிருந்து உதிரும் நுண்ணிழைகளும் அதே வழியில்தான் போகின்றன.

சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் கொட்டுகிறோம். அது சோற்றுப் பருக்கையோடும் சோப்புக் கசடோடும் சேர்ந்து குழாய்ச் சுவரில் மெழுகுபோல் படிகிறது. அடைத்துக்கொண்ட சாக்கடை தெருவில் பொங்கி, கடைசியில் அதே மழைநீர் வடிகாலுக்குத்தான் ஓடுகிறது. அந்த அடைப்பை எடுக்கப் போவது யார்? பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக் குழிக்குள் இறக்கத் தடை விதித்து 2013-இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் விஷவாயுவில் உயிர்கள் போகின்றன. எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த நினைவுதான் வருகிறது. மிச்ச எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்துவைத்து, வாங்கிக்கொள்பவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

காலாவதியான மாத்திரைகளையும் கழிவறையில் போடாதீர்கள். மருந்துகளை முழுவதும் நீக்கும் வகையில் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்படவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் மூன்று வீடுகளின் குழாயைச் சாக்கடைக்கு மாற்றிவிட்டோம். நான்காம் வீட்டாரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. மழையில்லாத நாளில், மஞ்சள்தூள் கரைத்த ஒரு வாளித் தண்ணீரை வாஷிங் மெஷின் குழாய் விழும் துளையில் ஊற்றுங்கள். கீழே இறங்கிப் போய், எந்த மூடிக்கு அடியில் மஞ்சள் ஓடுகிறது என்று பாருங்கள்.