கண்காட்சிக்குப் போகலாமா? நெயில் டெக்னீஷியன்களின் கேள்விகளும் பதில்களும்

மும்பையில் நடக்கும் காஸ்மோப்ராஃப் இந்தியா, டெல்லி, மும்பை, பெங்களூரு முதலிய நகரங்களில் நடக்கும் ப்ரொஃபஷனல் பியூட்டி போன்ற தொழில் கண்காட்சிகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஏழாகச் சுருக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சென்னையில் நெயில் ஸ்டுடியோ நடத்திக்கொண்டு பயிற்சியும் அளித்து வருகிறேன். கண்காட்சிகளில் பணத்தை வீணாக்கிய அனுபவமும் எனக்குப் போதுமான அளவு உண்டு.

திருப்பூரில் வீட்டின் முன்னறையில் இரண்டு ஆண்டுகளாக ஜெல் பாலிஷும் எக்ஸ்டென்ஷனும் செய்து வருகிறேன். மும்பைக்குப் போய்வர ரயில், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆகும் போலிருக்கிறது. அதற்கேற்ற பலன் கிடைக்குமா?

வேலைக்குப் போகாத ஐந்து நாட்களின் வருமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 24,000 ரூபாய் ஆகிறது. புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவருவதற்காக மட்டும் இந்தத் தொகையைச் செலவழிக்க வேண்டாம். புதிய டிசைன்களையும் நிறங்களையும் இன்ஸ்டாகிராம் அன்றைக்கே காட்டிவிடுகிறது. கையில் எடுத்துச் சோதிக்காமல் வாங்கக் கூடாத பொருள் ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டுமே பயணச் செலவுக்கு நியாயம் கிடைக்கும்.

நகத்தைத் தேய்க்கும் டிரில் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 35,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று அச்சடித்திருப்பார்கள், நகத்தின் மேல் அந்த வேகத்தில் நாம் ஒருநாளும் ஓட்டப்போவதில்லை என்பதால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கண்காட்சிக்குப் போகும்போது நான் கைப்பையில் என்னுடைய கார்பைட் பிட் (டிரில்லில் மாட்டும் தேய்ப்பு முனை) ஒன்றையும், அக்ரிலிக் போட்டு இறுகவைத்த பழைய டிப் (செயற்கை நகம்) இரண்டையும் எடுத்துச் செல்வேன். பிட்டின் தண்டு 3/32 அங்குலம் என்பதால் பெரும்பாலான மெஷின்களில் பொருந்தும். அதை மாட்டி மெதுவாக ஓடவிட்டு, நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். நுனி ஒரே புள்ளியாக நின்றால் மெஷின் நேராகச் சுழல்கிறது. மங்கலான சிறு வட்டமாகத் தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது, அந்த ஆட்டம் வாடிக்கையாளரின் நகத்தில் சூடாகவும் பள்ளமாகவும் இறங்கும். அடுத்து, குறைந்த வேகத்திலேயே டிப்பின் மேல் சற்று அழுத்துவேன். உடனே திணறி நின்றுவிடும் மெஷினுக்கு இழுவிசை போதாது. ஐந்து நிமிடம் கையில் பிடித்திருந்தால் கைப்பிடி எவ்வளவு சூடாகிறது என்பதும் தெரிந்துவிடும். எந்த ஆன்லைன் கடையிலும் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

ஜெல்லை ஒளியால் இறுகவைக்கும் லேம்ப் விஷயத்தில் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது இழுக்கும் மின்சாரத்தைச் சொல்லுமே தவிர, ஜெல்லுக்குப் போய்ச் சேரும் ஒளியின் அளவைச் சொல்லாது. நம் லேம்ப்களில் பெரும்பாலானவை 365, 405 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டியே வேலை செய்கின்றன என்றாலும், ஒரு லேம்ப்பில் முழுமையாக இறுகும் ஜெல் இன்னொன்றில் மேலே மட்டும் இறுகி அடியில் இறுகாமலே நிற்கக்கூடும். ஆகவே ஸ்டாலில், “இந்த ஜெல்லை எந்த லேம்ப்பில், எத்தனை விநாடி வைத்துச் சோதித்தீர்கள்?” என்று கேளுங்கள். “எந்த லேம்ப்பிலும் வரும்” என்று பதில் வந்தால் அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிடலாம்.

தொழிலுக்கு வந்து ஓராண்டு ஆகாதவர்கள் அந்தப் பணத்தை முறையான பயிற்சியில் போடுவதே நல்லது. மற்றவர்கள், ஆடியிலோ மார்கழியிலோ வரும் கண்காட்சியாகப் பார்த்துக்கொண்டால் முகூர்த்தப் பதிவுகளை இழக்க வேண்டியிருக்காது.

கண்காட்சியில் “12 வாங்கினால் 6 இலவசம்” என்று கொடுத்த ஜெல் பாலிஷை வாங்கிவந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் லேபிளில் சீன எழுத்து மட்டும்தான் இருக்கிறது. பயன்படுத்தலாமா? (கோவை)

பயன்படுத்தாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியாகும் ஒவ்வோர் அழகுசாதனப் பொருளும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு வாடிக்கையாளரின் விரல் வீங்கிப்போனால் தோல் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தப் புட்டியில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதைத்தான். உங்களிடம் அதற்குப் பதில் இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நடந்ததையும் கவனியுங்கள். ஜெல்லை ஒளியில் இறுகச் செய்வதற்காகச் சேர்க்கப்படும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டார்கள். விலங்குகளிடம் செய்த ஆய்வுகளைக் கொண்டு அது இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என வகைப்படுத்தப்பட்டதே காரணம். ஏற்கெனவே அந்த ஜெல்லைப் போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டியதில்லை. ஆனால் ஒரு சந்தையில் விற்க முடியாமல் போன சரக்கு இன்னொரு சந்தையில் மலிவாக இறங்குவது வியாபாரத்தில் புதிதல்ல என்பதால், 18 புட்டிகளை அள்ளிக் கொடுக்கும் ஸ்டாலில் பொருட்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிப்பது உங்கள் பொறுப்பு.

தள்ளுபடியே நமக்கு உதவுகிறதா என்பது எனக்குச் சந்தேகம்தான். நம் ஊர்க் கல்யாணங்களில் அரக்கு, சிவப்பு, நியூட், கொஞ்சம் கிளிட்டர் ஆகியவைதான் ஓடுகின்றன. கூட்டுப் பொட்டலத்தில் வரும் நியான் பச்சை அலமாரியிலேயே கெட்டியாகிவிடும். “பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்பவரிடம் டிரில்லோ லேம்ப்போ வாங்கினால் வாரண்டியும் இல்லை, புகார் செய்ய வழியும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாத 5 சதவீதமாகிவிட்டதால், நாம் வாங்கும் பொருளுக்குக் கட்டும் வரி திரும்பி வராது. எனவே வரியையும் சேர்த்த விலையையே உண்மையான விலையாகக் கொண்டு சவுகார்பேட்டை மொத்த விலையோடு ஒப்பிடுங்கள்; பல பொருட்களில் வித்தியாசம் அதிகம் இருக்காது.

அசிட்டோனும் அக்ரிலிக் லிக்விட்டும் வாங்கினால் ரயிலில் கொண்டுவரலாமா?

கூடாது. இரண்டுமே எளிதில் தீப்பற்றுபவை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி, ஆபத்தான பொருட்களை விதிமீறி ரயிலில் எடுத்துச் சென்றால் மூன்றாண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். ஸ்டாலில் ஆர்டர் மட்டும் கொடுத்துவிட்டு, தமிழ்நாட்டில் அவர்களுடைய டீலர் யார் என்று கேட்டு அவர் மூலம் வரவழைத்துக்கொள்ளுங்கள். டீலரின் எண் கைக்கு வருவது அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

எனக்கு இந்தியும் ஆங்கிலமும் சரளமாக வராது. சென்ற ஆண்டு பெங்களூருக்குப் போய் யாரிடமும் பேசாமலே திரும்பிவிட்டேன். தொழில் தொடர்புகளை எப்படி ஏற்படுத்திக்கொள்வது? (நாகர்கோவில்)

எல்லோரிடமும் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாளில் மூன்று பேரிடம் உருப்படியாகப் பேசினால் போதும். கம்பெனியின் மேலாளரைத் தேடிப்போகாதீர்கள்; டெமோ செய்துகொண்டிருக்கும் டெக்னீஷியனிடம், அவர் கை ஓயும் நேரமாகப் பார்த்துப் போங்கள். “லிஃப்டிங்” (போட்ட நகம் தூக்கிக்கொள்வது), “ப்ரைமர்” (பிடிப்புக்காக முதலில் தடவுவது), “அபெக்ஸ்” (நக வளைவின் உயரமான இடம்) ஆகிய மூன்று சொற்களும் எந்த மொழிக்காரருக்கும் புரியும். நீங்கள் போட்ட நகம் ஒன்று மூன்று வாரத்தில் க்யூட்டிகிள் (நகத்தின் அடித்தோல்) ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்தைப் போனில் காட்டி, விரலால் தொட்டு ஏன் என்று கேளுங்கள். அழகாக வந்த வேலையின் படத்தைக் காட்டினால் பாராட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள்; கெட்டுப்போன வேலையைக் காட்டினால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வார்கள். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. நாகர்கோவில் போன்ற கடற்கரைப் பக்க ஈரப்பதத்தில் நகத்தின் ஈரத்தை நன்றாகப் போக்காமல் ப்ரைமர் வைத்தால் என்ன ஆகும் என்பதை மும்பைக்காரர் ஒருவர் பத்தே நிமிடத்தில் எனக்குச் செய்துகாட்டினார். அவரும் கடலோரத்தில் தொழில் செய்பவர்தானே.

அடுத்தது, பக்கத்தில் வரிசையில் நிற்பவர்கள். தன் ஊர்ப் போட்டியாளரிடம் பேசத் தயங்குவது இயல்பு, ஆனால் தஞ்சாவூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் உங்கள் வாடிக்கையாளரைப் பறிக்கப்போவதில்லை. விலை நிர்ணயம், முன்பணம் வாங்கும் முறை, வராமல் ஏமாற்றுபவர்களைச் சமாளிப்பது ஆகியவற்றையெல்லாம் அவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். மணப்பெண் ஒப்பனைக் கலைஞர்கள், மெஹந்தி போடுபவர்கள் ஆகியோரின் அறிமுகம் இவற்றைவிடப் பயன் தரும், ஏனென்றால் கல்யாணப் பெண் முதலில் பதிவு செய்வது அவர்களைத்தான். நகத்துக்கு யாரைப் பிடிப்பது என்று அவள் கேட்பதும் அவர்களிடம்தான்.

தொழிலைச் சொல்லிக்கொடுத்தால் கெட்டுவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபின், கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோவுக்கு அருகிலிருந்த அகதி முகாமில் தங்கியிருந்த 20 வியட்நாமியப் பெண்களுக்கு, டிப்பி ஹெட்ரன் என்ற ஹாலிவுட் நடிகை தம்முடைய நகப் பராமரிப்பாளரை வரவழைத்துத் தொழில் கற்பித்தார். அந்தப் பெண்கள் தம் உறவினருக்கும் தோழிகளுக்கும் கற்றுக்கொடுத்துக்கொண்டே போனதால், இன்று அமெரிக்காவின் நெயில் டெக்னீஷியன்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வியட்நாமிய வம்சாவளியினர்.

கண்காட்சியில் இரண்டு மணி நேர மாஸ்டர் கிளாஸுக்குக் கட்டணம் கட்டினால் சான்றிதழ் தருகிறார்கள். அது வேலைக்கு உதவுமா?

சுவரில் மாட்ட உதவும். ஒரு பிராண்டின் பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்த பிராண்டே காட்டியதற்கான அத்தாட்சி அது. அதைத் தாண்டி மதிப்பில்லை. வேலைக்குக் காட்டும் சான்றிதழ் வேண்டுமென்றால் அழகு மற்றும் ஆரோக்கியத் துறைக்கான திறன் கவுன்சிலின் பாடத்திட்டப்படி நடக்கும் பயிற்சியில் சேர்ந்து தேர்வு எழுதுங்கள். மாஸ்டர் கிளாஸுக்குப் பணம் கட்டுமுன் கற்பிப்பவரின் கையைப் பார்க்க இடம் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருநூறு பேர் உட்காரும் அரங்கில் பத்தாவது வரிசையிலிருந்து நகத்தைப் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றுதான்.

ஸ்டால்களில் இலவசமாக நகம் போட்டுவிடுகிறார்கள். ஒரே நாளில் நான்கு ஸ்டாலில் நான்கு விரல்களுக்குப் போட்டுக்கொண்டேன். இப்போது விரல் நுனியில் அரிப்பு இருக்கிறது.

உடனே எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். முழுமையாக இறுகாத ஜெல் தோலில் படப் பட, அதிலுள்ள மெத்தக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை வரக்கூடும். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். பல் அடைப்பிலும் மூட்டு அறுவைச் சிகிச்சைச் சிமெண்டிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் இருப்பதால், பல் மருத்துவரிடமும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். தினமும் இந்தப் பொருட்களோடு புழங்கும் நமக்கு அதுவே தொழிலை முடித்துவிடும். டெமோவுக்கு விரலை நீட்டாமல் டிப்பை நீட்டுங்கள். அவசரத்தில் தோலில் வழியவிட்டுப் போடும் ஸ்டாலில் அதுவும் வேண்டாம்.

துபாயில் ஒரு சலூனில் வேலை செய்கிறேன். பியூட்டிவேர்ல்டு மிடில் ஈஸ்ட் கண்காட்சிக்கு முதலாளி அனுப்புகிறார். அங்கே வேறு வேலை தேடிக்கொள்ளலாமா? அங்கே வாங்கும் விசிட்டிங் கார்டுகளை என்ன செய்வது?

முதலாளி தந்த நுழைவுச்சீட்டில் போய் அவர் நேரத்தில் பயோடேட்டா கொடுப்பது சரியல்ல. துபாய் உலக வர்த்தக மையத்தின் அந்த அரங்குகளில் உங்கள் முதலாளியைத் தெரிந்தவர்களும் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அறிமுகம் செய்துகொள்ளுங்கள், பேச்சைப் பிறகு தொடருங்கள். அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் காலத்தில் அந்நாட்டிலேயே வேறிடத்துக்கு மாற ஒரு மாத முன்னறிவிப்பும், அதன்பின் ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 முதல் 90 நாள் வரையிலான முன்னறிவிப்பும் வேண்டும். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டுகளைப் பொறுத்தவரை, வாங்கிய அந்த நிமிடமே பின்புறத்தில் மூன்று சொற்கள் எழுதிவிடுவது என் வழக்கம்: “மெஹந்தி, ஷார்ஜா, ஊர் திருச்சி” என்பதுபோல. மாலையில் அறைக்குத் திரும்பியதும் அவற்றைப் பரப்பி, முகம் நினைவுக்கு வராத கார்டுகளைக் குப்பையில் போட்டுவிடுவேன். நாற்பதில் ஏழெட்டு மிஞ்சும். மிஞ்சியவர்களுக்கு மூன்று நாட்களுக்குள், பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அவர்களும் என் கார்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள்.