பயணத்துக்கு ஒரே லென்ஸ் என்றால் எதை எடுக்கலாம்?

ஏபிஎஸ்-சி சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு, இது சிறிய வகை) உள்ள கேனான் டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் என் ஓட்டு 18-135 மி.மீ. ஜூமுக்குத்தான். இந்த எண்கள் குவியத் தூரம்; எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். சென்சார் சிறியது, அதனால் இவற்றை 1.6 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் ஏறத்தாழ 29 முதல் 216 வரை வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தி மண்டபம் அருகே நின்று 18-இல் விமானம் முழுசும் அடங்கும். நின்ற இடத்திலிருந்தே 135-க்குத் திருகினால் சிகரம் மட்டும் ஃபிரேமை நிறைக்கும்.

சிக்கல் வெளிச்சத்தில்தான். 135-இல் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப்/5.6 தாண்டித் திறக்காது (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது), எஃப்/2.8-இல் வருகிற ஒளியில் கால் பங்குதான். இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன் அளவு) ஏற்ற வேண்டிவரும், படம் பொரிபொரியாகும். ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைச் சமாளிக்கும், நடந்து போகிறவரை நிறுத்தி வைக்காது. பட்ஜெட் இடம் கொடுத்தால் 24 மி.மீ. எஃப்/2.8 பான்கேக் (தட்டையான) லென்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை 125 கிராம்தான், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

18-300 மாதிரி நீள ஜூம்கள்? பறவை பைத்தியம் இல்லையென்றால் வேண்டாம். கடைசி முனையில் கூர்மை குறைகிறது, கழுத்தும் வலிக்கும்.

அப்புறம், பழைய லென்ஸ் வாங்கினால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.