நிறம் வந்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு ஏக்கரில் கல்தூண் பந்தல் போட்டு பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். கவாத்து செய்து (கொடியின் கிளைகளை வெட்டிவிட்டு) மூன்று மாதம் ஆகிறது, காய் நிறம் மாற ஆரம்பித்துவிட்டது. கொத்துக்கு வெயில் படட்டும், இலையைக் கிள்ளிவிடு, தண்ணீரையும் இப்போதே நிறுத்து என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு விவசாயி, சுருளிப்பட்டி

பதில்: தயவுசெய்து நல்ல இலையில் கை வைக்காதீர்கள். இனிமேல் பழத்தில் ஏறப்போகிற சர்க்கரையை இலைதான் தயாரித்து அனுப்ப வேண்டும். வெயில் குறைந்த ஐரோப்பியத் தோட்டங்களில் கொத்தைச் சுற்றி இலை எடுப்பது வழக்கம், கம்பம் பள்ளத்தாக்கு வெயிலுக்கு அது ஒத்துவராது, காய் வெந்து சுருங்கிவிடும். பழுத்த இலை, நோய் பட்ட இலை, கொத்தை உரசும் இலை, இவற்றை மட்டும் எடுங்கள். உள்ளே காற்று போனால் அழுகல் குறையும்.

தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, ஆனால் சீராக விட்டுக்கொண்டே வாருங்கள், அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிறுத்தினால் போதும். மண்ணைக் காயப் போட்டுவிட்டு திடீரென்று பாய்ச்சினாலோ, காய்ந்த மண்ணில் மழை கொட்டினாலோ பழம் நீரை உறிஞ்சி வீங்கித் தோல் வெடிக்கும். வெடித்த ஒரு பழத்தின் சாறு வழிந்து, ஈ மொய்த்து, பூஞ்சணம் பிடித்து, கடைசியில் கொத்தே போய்விடும். யூரியா வேண்டவே வேண்டாம், தளிர்தான் ஓடும். மருந்து அடித்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியாமல் அறுக்காதீர்கள், குழந்தைகள் தின்கிற பழம்.

சரி, எப்போது அறுப்பது? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மாம்பழம் போல இதை அறுத்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது, கொடியில் ஏறிய இனிப்புதான் கடைசி வரை. பன்னீரில் கொத்தின் மேல்பகுதி கறுத்த பிறகும் நுனி சிவப்பாகவே நிற்கும், அதனால் தோட்டத்தில் நாலைந்து இடத்தில் நுனிப் பழத்தைத் தின்று பாருங்கள். புளித்தால், வியாபாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பொறுங்கள். 2023-ல் கம்பம் பெயரோடு புவிசார் குறியீடு (இன்ன ஊரின் தனிச் சிறப்பு என்ற அரசுப் பதிவு) வாங்கிய பழம் இது, புளிப்பாகச் சந்தைக்குப் போனால் ஊர் பெயரே கெடும்.

கேள்வி: திராட்சையின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது மருந்தா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மெல்லிசாக, பழம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் அது பழமே உண்டாக்கும் மெழுகு, நீர் வற்றாமல் காக்கும். மருந்து படிந்தால் திட்டுத் திட்டாக, சொட்டு காய்ந்த மாதிரி தெரியும். எதுவானாலும் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவித் தின்னுங்கள்.