வாசகர் கேள்வி-பதில்: பாதி வழியில் திரும்பிவிடும் டிக்கி கதவு

கேள்வி: எங்கள் எஸ்யூவி வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பொத்தானை அழுத்தினால் தானாகவே திறந்து மூடும் டிக்கி கதவு கொண்டது. சில வாரங்களாக அந்தக் கதவு ஒரு முழம் உயரம் எழும்பியதும் சட்டென்று நின்று, மூன்று முறை ஒலி எழுப்பிவிட்டு மறுபடியும் இறங்கிவிடுகிறது. வேறு சில நேரங்களில் எந்தக் குறையும் இல்லாமல் முழுவதுமாகத் திறக்கிறது. கதவை ஏற்றி இறக்கும், இருபுறமும் உள்ள மோட்டார் தண்டுகளை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள் பணிமனையில். செலவு பெரிதாக இருப்பதால் தயங்குகிறேன். வேறு காரணம் இருக்கக்கூடுமா? நாங்களே எவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்?

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானது. ஒரு நேரம் ஒழுங்காகவும் மறுநேரம் கோளாறாகவும் நடந்துகொள்ளும் கதவில், இரண்டு மோட்டார்களும் ஒரே சமயத்தில் பழுதாகியிருப்பதற்கான வாய்ப்பு குறைவு. மோட்டார் தண்டை மாற்றுவது எளிது, விலையும் அதிகம். அதனாலேயே சில பணிமனைகளில் அது முதல் பரிந்துரையாக வந்துவிடுகிறது. உண்மையில் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள்.

கதவு ஏன் நின்று திரும்புகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். மோட்டார் சுழலும்போது அதனுள் இருக்கும் ஹால் சென்சார் (காந்தப்புலத்தை வைத்துச் சுழற்சியை உணரும் கருவி) ஒவ்வொரு சுற்றுக்கும் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி அவற்றை எண்ணித்தான் கதவு எந்த உயரத்தில், எந்த வேகத்தில் இருக்கிறது என்பதை அறிகிறது. துடிப்புகள் திடீரென்று நின்றாலோ, மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுத்தாலோ, யாரோ அல்லது ஏதோ ஒன்று வழியில் குறுக்கிடுவதாகக் கருதி அது கதவைத் திருப்பிவிடுகிறது. எனவே தாங்கள் கேட்கும் ஒலி மோட்டார் செத்துவிட்டது என்பதற்கான அறிகுறி அல்ல. ‘தடை உள்ளது’ என்று பெட்டி நம்புகிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

இனி, கதவு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறதா, அல்லது வெவ்வேறு உயரங்களில் நிற்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். ஒரே உயரம் என்றால் என் சந்தேகம் முதலில் ஒயர்கள்மீதுதான் விழும். கூரையிலிருந்து கதவுக்குச் செல்லும் ஒயர்கள் அனைத்தும் கீல் அருகே உள்ள நெளிவான ரப்பர் குழாய் வழியாகச் செல்கின்றன. ஆண்டுக்கணக்கில் மடங்கி மடங்கி நிமிர்வதால் அந்த வளைவில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் தொடர்பு விட்டுப்போகும். மேல் உறை பெரும்பாலும் முழுதாகவே இருப்பதால், கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு: எண் பலகை விளக்கை எரியவிட்டு, கதவைக் கையால் மெல்ல உயர்த்தி, அந்தக் கோணத்தில் ரப்பர் குழாயை விரல்களால் அசைத்துப் பாருங்கள். விளக்கு சிமிட்டினாலோ, பின்புறக் கண்ணாடியின் வைப்பர் அவ்வப்போது வேலை செய்யாமல் போனாலோ, குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. விளக்கு சிமிட்டாவிட்டாலும் அறுந்தது வேறோர் ஒயராக இருக்கலாம் என்பதால், மல்டிமீட்டரால் ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். பழுது பார்ப்பவர் அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்ற முன்வந்தால் சம்மதிக்க வேண்டாம். மெல்லிய இழைகள் பல கொண்ட வளையும் ஒயரைச் சேர்த்து, இணைப்புகள் வளைவுக்கு வெளியே வருமாறு அமைத்தால்தான் அது நிலைக்கும். இல்லையேல் சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி அறுபடும்.

நிற்கும் உயரம் மாறிக்கொண்டே இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதியளவே மின்னேற்றம் உள்ளது. கனமான கதவைத் தூக்க மோட்டார் மின்னோட்டத்தை இழுக்கும் நொடியில் மின்னழுத்தம் மேலும் சரிந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி வேலையைக் கைவிட்டுவிடும். என்ஜினை இயக்கி, கியரைப் ‘பார்க்’ நிலையில் வைத்துத் திறந்து பாருங்கள். அப்போது தொடர்ந்து ஒழுங்காகத் திறந்தால், செலவு பேட்டரியோடு அல்லது அதன் முனைகளைச் சுத்தம் செய்வதோடு முடிந்துவிடும்.

அடுத்து, மின்சார வசதியை டேஷ்போர்டில் அல்லது கையுறைப் பெட்டியில் உள்ள சுவிட்சால் நிறுத்திவிட்டு, கதவைக் கையால் மெதுவாகத் திறந்து மூடுங்கள். மோட்டார் தண்டு உள்ள கதவு இலேசாக எதிர்ப்பது இயல்பு. ஆனால் கரகரப்பு, திடீர் இறுக்கம், ஒரு பக்கம் மட்டும் கோணலாக எழும்புதல் ஆகியவை இருந்தால் கீலிலோ தண்டிலோ கோளாறு உண்டு. பாதி உயரத்தில் விட்டபோது கதவு தானாகச் சரிந்து விழுந்தால், தண்டினுள் உள்ள சுருள்வில்லோ வாயுவோ வலுவிழந்திருக்கிறது. அப்படியான கதவின் கீழ் யாரும் நிற்கக் கூடாது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை: ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2007 முதல் 2012 வரையிலான சில எஸ்யூவிகளை 2015-இல் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, வாயுத் தண்டுகளில் தூசி புகுந்து அவை முன்கூட்டியே தேய்ந்து, கதவு திடீரென்று கீழே விழுந்ததுதான். வலுவிழந்த தண்டைப் பிரித்துப் பார்க்கும் ஆவலும் வேண்டாம். அதனுள் அடைபட்டிருக்கும் அழுத்தம் பெரிது.

கதவின் ஓரங்களில் உள்ள ரப்பர் பட்டையைப் பற்றிச் சிலர் சொல்லக்கூடும். விரல் நசுங்காமல் காக்கும் அந்தச் சென்சார் பெரும்பாலும் மூடும்போதுதான் வேலை செய்கிறது. தங்கள் கதவு திறக்கும்போது திரும்புவதால், அதற்குப் பின்வரிசையில் இடம் கொடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, கதவுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். மலிவான ஸ்கேனர்கள் பல என்ஜின் குறியீடுகளை மட்டுமே காட்டும்; ‘ஒன்றும் பதிவாகவில்லை’ என்ற பதில் கிடைத்தால், எந்தப் பெட்டியைப் படித்தார்கள் என்று கேளுங்கள். ஒரு மோட்டாரின் பெயரைச் சொல்லும் குறியீடு வந்து, அதற்குச் செல்லும் ஒயரும் நன்றாக இருந்தால் மட்டும் மோட்டார் தண்டுக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: பேட்டரி மாற்றிய நாளிலிருந்து என் வண்டியின் டிக்கி கதவு பொத்தானுக்குப் பணிவதில்லை. கையால் திறந்தால் திறக்கிறது. என்ன செய்வது?

பதில்: மின்தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, கதவு எங்கே இருக்கிறது என்ற கணக்கைப் பெட்டி மறந்திருக்கலாம். கதவைக் கையால் முழுவதுமாக மூடி, பூட்டு இழுத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, பிறகு பொத்தானால் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் இவ்வளவே போதும். சிலவற்றுக்கு வேறு முறை உண்டு, அதைக் கையேட்டில் ‘மறுதொடக்கம்’ பகுதியில் காணலாம். அதன்பின் திறந்தும் பாதி உயரத்திலேயே நின்றால் பயப்பட வேண்டாம். திறக்கும் உயரத்தை நினைவில் வைக்கும் வசதி உள்ள வண்டிகளில், கதவை வேண்டிய உயரத்தில் நிறுத்தி, அதன் விளிம்பில் உள்ள பொத்தானை ஒலி கேட்கும் வரை சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் புதிய உயரம் பதிவாகிவிடும். இரண்டும் பலிக்காவிட்டால் அந்தச் சுற்றுக்கான ஃபியூஸைப் பாருங்கள். பேட்டரி மாற்றும்போது அது எரிந்துபோயிருக்கக்கூடும்.