ஞானப்பல் எடுத்த நாலாம் நாள் வலி கூடினால்

கீழ்ப் பக்க ஞானப்பல் எடுத்து இரண்டு நாள் தேவலாம் போலிருந்தது, நாலாம் நாளான இன்று காதுவரை வலி இழுக்கிறது, வாயில் கெட்ட வாடை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மாத்திரை போட்டுத் தள்ளிப்போடாதீர்கள். வீக்கம் 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். வலியும் கூடவே குறைய வேண்டும். குறைந்த வலி திரும்ப ஏறினால், குழியை மூடியிருந்த ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ட்ரை சாக்கெட் என்பார்கள். எனக்கும் வந்தது. மருத்துவர் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த சின்னத் துணித்திரி ஒன்றை வைத்தார். அன்று இரவே தூங்கினேன்.

நாளைக் காலை பல் எடுத்த மருத்துவரிடமே போங்கள். அதுவரை ஸ்ட்ரா, சிகரெட் வேண்டாம்; கிராம்பைக் குழிக்குள் திணிக்கவும் வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வாயில் வைத்துத் தலையை மெதுவாகச் சாய்த்து, துப்பாமல் தானாக வழிய விடுங்கள். சாப்பாட்டுக்கு ஆறிய நொய்க்கஞ்சி, குழைய மசித்த தயிர் சாதம் போதும். காரமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் அடித்தாலோ, எச்சில் விழுங்கவே கஷ்டமானாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ காலைவரை காத்திருக்காதீர்கள், இன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.