இருபது பேருக்குப் பரிசு, இரண்டே நாள்

கிறிஸ்துமஸுக்கு மார்த்தாண்டம் வருகிறேன், இருபது பேருக்குப் பரிசு வேண்டும், ஆன்லைனில் வாங்கிப் பிளாஸ்டிக் குவிக்க மனமில்லை, கையில் இரண்டே நாள் என்று கேட்டிருந்தீர்கள். ஆளுக்கு ஒன்று எதற்கு? வீட்டுக்கு ஒன்று போதும்.

தேன் வாங்குங்கள். இங்கே பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத் தேன்தான். சீக்கிரம் உறைந்து, அடியில் சர்க்கரை மாதிரி நிற்கும். கலப்படம் என்று என் மாமியார் ஒரு பாட்டிலைத் திருப்பியே கொடுத்துவிட்டார்! இளஞ்சூடான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.

முந்திரிக்கொத்து என்கிற பலகாரத்துக்கு இப்போதே தெரிந்த அக்கா யாரிடமாவது சொல்லிவையுங்கள். பாசிப்பயறு வறுத்து, பாகு காய்ச்சி, உருட்டிப் பொரிக்க நேரம் பிடிக்கும். அப்புறம், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம். அது பயணத்தில் நசுங்கும், இங்கேயே தின்றுவிடுங்கள். கட்டிக்கொடுக்கப் பனையோலைப் பெட்டி பாருங்கள்.