டீச்சரிடம் கேளுங்கள்: மணி மாறிய ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் பாலர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லண்டனில் இருக்கும் ஆறு பிள்ளைகளுக்கு, எல்லாரும் நாலு, அஞ்சு வயது, ஞாயிறுதோறும் ஜூமில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே காலை 10, இங்கே மலேசியாவில் மாலை 6. மார்ச் கடைசி ஞாயிறு நான் சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன், 5 மணிக்கே போன் மேல் போன், வகுப்பு தொடங்கவில்லையா என்று. அரக்கப்பரக்க வந்து உட்கார்ந்தால் ஒருவன் பைஜாமாவோடு மேசையில் கன்னத்தைச் சாய்த்துக் கிடக்கிறான், இன்னொருத்தி ‘அ’ எழுதச் சொன்னதும் தேம்புகிறாள். அடுத்த ஞாயிறும் அதே கதை. ஒரு மணி நேரம்தானே, அதற்கு இவ்வளவா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, பிள்ளைகளும் அடம்பிடிக்கவில்லை, உங்கள் பாடத்திலும் குறை இல்லை. கோடையில் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று அன்று விடியற்காலை 1 மணிக்கு அங்கே கடிகாரத்தை 2 ஆக்கிவிட்டார்கள். சுவரில் 10 என்றால் அந்தக் குழந்தையின் உடம்புக்கு 9தான், பாதித் தூக்கம், காலைச் சாப்பாடு வயிற்றில் இறங்கவே இல்லை. நாம் ஒரு காப்பியைக் குடித்துச் சமாளித்துக்கொள்வோம். நாலு வயதுக்கு மணி பார்க்கத் தெரியாது, வெளிச்சம் வந்தால் எழுவது, பசித்தால் சாப்பிடுவது, பாட்டு முடிந்தால் கதை வரும் என்று காத்திருப்பது, இவ்வளவுதான் அதற்குத் தெரிந்த நேரம். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் வெளிச்சம் குறைந்தால்தான் ஊறும். சனிக்கிழமை ஆறரை வாக்கில் மறைந்த சூரியன் ஞாயிறன்று ஏழரைக்கு மறைகிறது, அப்புறம் எப்படி எட்டு மணிக்குப் படுக்கச் சொன்னால் கேட்கும்? அதனால்தான் அது ஒரே நாளில் தீருவதில்லை.

அடுத்த மார்ச்சில் புதன்கிழமையே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள், தினமும் கால் மணி முன்னதாகப் படுக்க வைத்துக் கால் மணி முன்னதாக எழுப்பினால் சனிக்குள் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். காலையில் திரைச்சீலையைத் திறந்து வெளிச்சம் படட்டும். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் புது எழுத்து எதுவும் வேண்டாம். வணக்கப் பாட்டு, கதை, எழுத்து, வண்ணம் என்று நீங்கள் வைத்திருக்கும் வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள், ஒவ்வொன்றையும் சுருக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாம் தலைகீழாகக் கிடக்கும்போது, பாட்டுக்குப் பிறகு கதை வருகிறது என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். அழுகிற பிள்ளையிடம் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, ‘அ’வை விரலால் காற்றில் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு இது அப்படியே திரும்பும். 10 மணி வகுப்பு, வயிற்றுக்கு 11. அன்றைக்கு அழுகை வந்தால் அது பசி, நடுவில் ஒரு வாழைப்பழத்துக்கு நேரம் விடுங்கள். உங்களுக்கும் 5 மணி வகுப்பு மறுபடி 6 ஆகிவிடும். போன் காலண்டரில் வகுப்பை லண்டன் நேரத்திலேயே பதிந்து வையுங்கள், இங்கே தானாக மாறிக்கொள்ளும்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி மணியை மாற்றியதே இல்லையா?
- வாசகர், கிள்ளான்

பதில்: வருடத்துக்கு இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ளும் வழக்கம் இங்கே இல்லை, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் முள்ளைத் தொடாமலும் இல்லை. 1933-இல் 20 நிமிடம் முன்னே தள்ளினார்கள், 1941-இல் இன்னும் 10 நிமிடம், ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம். கடைசியாக 1982 ஜனவரி 1, கடல் தாண்டி இருக்கும் நம் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பத்தில் அரை மணி முன்னே.

அந்த ஜனவரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளினார். பள்ளி திறந்த அன்று என் தம்பி ஒரு காலில் சப்பாத்து மாட்டியபடியே வாசற்படியில் தூங்கிப்போனான், அம்மா கலக்கி வைத்த மைலோ பக்கத்தில் ஆறிக் கிடந்தது. வெறும் அரை மணிதான்!

இன்றைக்கும் பிப்ரவரியில் பினாங்கில் சூரியன் ஏழரை தாண்டித்தான் எழுகிறது. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இருட்டில் வேனுக்கு நிற்கிறார்கள். ஆசிரியர்களே, அந்த மாதத்திலாவது முதல் பாடவேளையில் சொல்வதெழுதல் வைக்காதீர்கள், ஒரு பாட்டோடு தொடங்குங்கள்.